கரணமும் கையொப்பமும்

சோழவள நாட்டிலே, கும்பகோணத்திற்கு அணித்தாகத் திருப்புறம்பயம் என்றொரு திருத்தலம் உண்டு. ஆங்கு எழுந்தருளியுள்ள இறைவனுக்குச் சாட்சிநாதர் என்பது திருநாமம். ஒரு பெண்ணின் திருமணத்திற்குச் சான்றாக நின்றமையால் வந்த பெயர் அது என்பர் பெரியோர்.

தந்தையை இழந்த வணிகப் பெண்ணொருத்தி, தனக்கு மணவாளனாகக் குறிக்கப்பெற்றிருந்த அத்தை மகனோடு மதுரைக்குப் புறப்பட்டாள். சுற்றத்தார் கூடிய பின்னர் மதுரையில் மணம் முடிப்பது அவன் எண்ணம். இடைவழியில் இத்தலத்தே அவன் அரவு தீண்டி இறந்தான். அவளது அழுகுரல் கேட்ட திருஞானசம்பந்தர் அவனை உயிர்ப்பித்து, அவ்விடத்திலேயே அவளை மணந்துகொள்ளுமாறு பணித்தருளினார். உறவினர் ஒருவரும் இல்லாத அவ்விடத்தில் வன்னி மரமும், கிணறும், சிவலிங்கமுமே சான்றாயின. ஆண்டுகள் சில சென்றபின், அவ்வணிகனுடைய மூத்த மனைவி பிள்ளைகள் காரணமாக எழுந்த பூசலில், "உன்னை அவர் மணந்தமைக்குச் சாட்சி யார்?" என்று இவளை இகழ்ந்தாள். நொந்த அப்பெண் இறைவனிடம் முறையிட, மூன்று சான்றுகளும் மதுரைத் திருக்கோயிலில் வந்து தோன்றின. இவ்வரலாறு பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தின் இறுதிப் படலமாக உள்ளது. அதற்கு மிக முற்பட்ட சிலப்பதிகாரத்திலும், கண்ணகியார் தம் ஊர்ப் பத்தினிப் பெண்டிரை எடுத்துரைக்கும்போது, வன்னி மரத்தையும் மடைப்பள்ளியையும் சான்றாக நிறுத்திய ஒருத்தியை முதற்கண் குறிப்பிடுகின்றார்.

அன்பர்களே! மணத்திற்குச் சான்று யாது என்னும் வினா நேற்றுத் தோன்றியதன்று என்பது இதனால் விளங்கும். அவ்வினாவிற்கு விடையின்றிக் கலங்குவோர் பெரும்பாலும் பெண்டிரும் அவர்தம் மக்களுமே என்பதும் விளங்கும். நம் முன்னோர் அவ்வினாவிற்கு எவ்வெக்காலத்து எவ்வெவ்வாறு விடை கண்டனர், இக்காலச் சட்டம் நம்மிடம் வேண்டுவன யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

பண்டை வழக்கு

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழமையானதாகிய தொல்காப்பியம், மணச்சடங்கினைக் 'கரணம்' என்னும் பெயரால் வழங்குகின்றது. கொடுத்தற்கு உரியார் கொடுப்ப, கொள்ளுதற்கு உரியார் கொள்வதே கற்பு மணம் என்று கூறிய ஆசிரியர், அக்கரணம் தோன்றிய காரணத்தையும் உடன் கூறியிருத்தல் வியக்கற்பாலது. உலகில் பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே ஐயர் அதனை வகுத்தனர் என்பது அவர் கருத்து. பொய்யாவது, ஒருத்தியைக் கூடியவன் பின்னர் அவளை அறியேன் என்று மறுத்தல். வழுவாவது, ஏற்றுக்கொண்ட ஒழுக்கத்தினின்றும் தவறுதல். 'ஐயர்' என்பார் யாவர் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. மறுப்பாரை மறுக்கவொட்டாமல் தடுத்தற்கு எழுந்ததே மணவினை என்பதுதான் நாம் கொள்ளத்தக்கது.

அங்ஙனம் மறுத்த ஒருவன் பட்ட பாட்டினை அகநானூற்றின் 256-ஆம் பாட்டு தெரிவிக்கின்றது. கள்ளூர் என்னும் ஊரில் ஒருத்தியின் நலத்தை நுகர்ந்தவன், ஊரவையின்முன் அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் சான்று கூறுவாரை வினவி உண்மை கண்டு, அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீற்றைக் கொட்டினர். அவையும் சான்றாளரும் இருந்தமையால் அப்பெண்ணுக்கு முறை கிடைத்தது.

அகநானூற்றின் 86-ஆம் பாட்டு ஒரு மணவிழாவை நம் கண்முன் நிறுத்துகின்றது. பந்தரிட்டுப் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, திங்கள் உரோகிணியைக் கூடிய நன்னாளில், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். உழுந்து சேர்ந்த உணவை உற்றார் பலரும் இருந்து உண்கின்றனர். எரி வளர்த்தலைப் பற்றியாதல் புரோகிதரைப் பற்றியாதல் அப்பாட்டில் ஒன்றும் இல்லை. சிலப்பதிகாரத்திற்கு வருவோமாயின், முதிய பார்ப்பான் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். வினை மாறியது. ஆயினும் ஒன்று மாறவில்லை. யானையின்மீது ஏறிய மகளிர் அம்மணச் செய்தியை மாநகரத்தார்க்கு அறிவித்தனர் என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். அன்று யானைமேல் இருந்து அறிவித்ததும், பிற்காலத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததும், இன்று நாம் அழைப்பிதழ் அச்சிட்டு வழங்குவதும் ஒரே கருத்தைப் பற்றியன. இம்மணத்தை ஊர் அறிந்தது. பின்னர் எவரும் மறுத்தல் கூடாது என்பதே அக்கருத்து.

எழுத்தாற் சான்று செய்துகொள்ளும் வழக்கமும் நம் நாட்டிற்குப் புதிதன்று. செட்டிநாட்டு நகரத்தார் தம் மணங்களில் இருதரத்துத் தந்தையரும் ஒப்பமிடும் 'இசைகுடிமானம்' எழுதுதலை இன்றும் கைக்கொண்டு வருகின்றனர். முகம்மதியரிடத்து நிக்காஹ் பதிவேடும், கிறித்தவரிடத்துத் தேவாலயப் பதிவேடும் உண்டு. எழுதி வைக்கும் நற்பழக்கத்தை நம்மவருட் பெரும்பாலோர் கைக்கொள்ளாது, ஊரார் நினைவையே நம்பியிருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில்

ஊரார் நினைவு ஊருக்குள் வாழும்வரை போதியதாய் இருந்தது. மக்கள் பிழைப்பு நாடிப் பர்மாவிற்கும் மலேயாவிற்கும் சென்னைப் பட்டினத்திற்கும் பெயர்ந்தபோதும், வழக்குகள் ஊரவையை விட்டு நீதிமன்றம் ஏறியபோதும், அது போதாதாயிற்று.

ஆங்கிலேயர் நிறுவிய நீதிமன்றங்கள் இந்துக்களின் மணவழக்குகளைத் தரும சாத்திரத்தையும் குலவழக்கத்தையும் கொண்டு தீர்த்தன. இவ்விரண்டும் மாறுபடும்போது எது வலியது? இராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானத்தின் சுவீகார வழக்கிலே, 1868-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கௌன்சிலார், தெளிவாக மெய்ப்பிக்கப்பெற்ற வழக்கம் எழுதப்பெற்ற சாத்திரத்தினும் வலியது என்று தீர்ப்பளித்தனர். குலவழக்கங்களுக்கு இதனால் ஏற்றம் கிடைத்தது மெய்யே. எனினும், 'தெளிவாக மெய்ப்பிக்கப்பெற்ற' என்னும் அடை மிக முதன்மையானது. பழமையும் உறுதியும் இடையறாமையும் உடைய வழக்கம் என்று நிறுவும் கடமை, வழக்கத்தை எடுத்துரைப்பவர் தலைமேல் விழுந்தது.

இதனிடையே சட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. ஈசுவர சந்திர வித்தியாசாகரர் முயற்சியால் 1856-இல் கைம்பெண் மறுமணச் சட்டம் நிறைவேறியது. பிரம சமாசத்தார் வேண்டுகோளால் 1872-இல் தனித் திருமணச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் மணப்பவர், இந்து, கிறித்தவம், முகம்மதியம் முதலிய சமயங்களுள் எதனையும் சார்ந்தவர் அல்லர் என்று உறுதி கூறவேண்டியிருந்தது. 1923-இல் அரிசிங் கௌர் கொணர்ந்த திருத்தத்தால் இந்துக்கள் தம் சமயத்தைத் துறவாமலே அவ்வழியில் மணக்க இயன்றது. 1929-இல் அர்பிலாஸ் சாரதா கொணர்ந்த குழந்தைமணத் தடைச்சட்டம், 1930 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்து, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வயது வரையறுத்தது. கண்ணகியார் பன்னிரண்டு வயதில் மணமுடித்தார் என்று படித்து வந்த நம்மவர்க்கு அது பெரும் புதுமையாகத் தோன்றியது. பெற்றோர் பலர் அன்று அதனை வெறுத்தனர். அவர்தம் பேத்தியர் இன்று பட்டம் பெற்று நிற்கின்றனர்.

சுயமரியாதைத் திருமணமும் நீதிமன்றமும்

1928-ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டைக்கு அணித்தாகிய சுக்கிலநத்தத்தில், பெரியார் ஈ. வெ. இராமசாமி அவர்கள் முன்னிலையில் புரோகிதரின்றி ஒரு மணம் நிகழ்ந்தது. அது தொட்டு அத்தகைய மணங்கள் நாடெங்கும் பெருகின. அவ்வியக்கத்தின் கொள்கைகளை ஏற்பாரும் மறுப்பாரும் நம் சங்கத்தில் உளர். யான் ஈண்டு எடுத்துக்கொண்டது அவ்வழக்கன்று.

1934-இல் நிகழ்ந்த அத்தகைய மணமொன்று, 1953-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆராயப்பெற்றது. சாத்திரம் விதித்த சடங்கும் நிகழவில்லை, நெடுங்கால வழக்கம் என்று கொள்ளவும் இயலவில்லை. ஆகலின் அது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பினால் அவ்வாறு மணந்த எத்துணையோ குடும்பங்களில், மனைவி மனைவியல்லள், மக்கள் உரிய மக்களல்லர் என்று பிறர் சொல்லக்கூடிய நிலை உண்டாயிற்று. பேரறிஞர் அண்ணாதுரை அவர்களின் அமைச்சரவை 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது; 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார் நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகத் தாம் அறிந்த மொழியிற் கூறினும், மாலையேனும் மோதிரமேனும் மாற்றினும், தாலி கட்டினும், அம்மணம் செல்லும் என்பது அதன் விதி. முன்னர் நிகழ்ந்த அத்தகைய மணங்களும் அதனாற் செல்லுபடியாயின. இம்மணம் பலரறிய விழாவாகத்தான் நிகழவேண்டும் என்பதில்லை என்று 2023-இல் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. புரோகிதர் இன்றியமையாதவர் அல்லர் என்று வைத்த இப்பிரிவும், பிறர் முன்னிலையை விடவில்லை என்பதை நோக்குக.

இக்காலச் சட்டம்

1949-இல் சென்னை மாகாணச் சட்டமொன்று இந்துக்களிடையே ஒருவன் பல மனைவியரை மணத்தலைத் தடுத்தது. அவ்வாண்டிலேயே மத்திய சட்டமொன்று, இந்துக்களுள் வெவ்வேறு சாதியினர் செய்துகொண்ட மணம் செல்லும் என்று விதித்தது. 1955 மே 18-ஆம் நாள் முதல் இந்துத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் வேண்டும் நிபந்தனைகள் ஐந்து. மணப்பவர் எவர்க்கும் உயிருள்ள கணவனோ மனைவியோ இருத்தலாகாது. இருவரும் இசைவு தரத்தக்க மனநலம் உடையராதல் வேண்டும். 1978-ஆம் ஆண்டுத் திருத்தப்படி ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். விலக்கப்பட்ட உறவினர் ஆதலும், சபிண்டர் ஆதலும் கூடா. இறுதி இரண்டிற்கும் வழக்கம் இடங்கொடுப்பின் விலக்கு உண்டு. நம் நாட்டில் மாமன் மகளையும், அத்தை மகளையும், அக்காள் மகளையும் மணப்பது இவ்விலக்கினாலேயே செல்லுகின்றது.

திருவிளையாடற் கதையின் வணிகன் இன்று இருப்பானாயின், வன்னியும் கிணறும் இலிங்கமும் வந்து நின்றாலும் அவ்விரண்டாம் மணம் சட்டத்தின்முன் செல்லாது. மூத்தாள் இசைந்தாள் என்பதும் பயன்படாது. ஆயினும், இங்கும் சான்றின் அருமை தோன்றுகின்றது. 1965-இல் உச்சநீதிமன்றத்தின்முன் வந்த வழக்கொன்றில், மனைவியிருக்க மற்றொருத்தியை மணந்தான் என்று குற்றஞ்சாட்டப்பட்டவன் விடுதலை பெற்றான். இரண்டாம் மணத்திற்குரிய சடங்குகள் முறைப்படி நிகழ்ந்தன என்பது மெய்ப்பிக்கப்படாமையே காரணம். முதல் மனைவிக்கு முறை கிடைக்கவில்லை, இரண்டாமவளும் மனைவியாகவில்லை.

'குலப்பெரியோர் முன்னிலையில் முறித்துக்கொண்டோம்' என்று சொல்லி மறுமணம் பேசுவோர் நம்மிடையே உளர். வழக்கத்தால் வந்த மணமுறிவு உரிமையை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அழிக்கவில்லை. ஆனால் அவ்வழக்கம் தம் குலத்தில் உண்டென்பதை நீதிமன்றத்தில் நிறுவவேண்டும். 1868-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிழல் இன்னும் நீங்கவில்லை. ஆகலின் நீதிமன்றத் தீர்ப்பாணை கையில் இன்றி மறுமணம் பேசுதல் தக்கதன்று.

வயதைப் பற்றியும் ஒரு சொல். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைமணத் தடுப்புச் சட்டம், மணத்தை நடத்திவைப்பவரையும் பெற்றோரையும் மட்டுமன்றி, அதனை ஊக்குவிக்கும் சங்கங்களைச் சேர்ந்தோரையும் குற்றவாளிகளாக்குகின்றது. நம்போன்ற சங்கங்கள் இதனை நன்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனிப் பதிவைக் குறித்து நோக்குவாம். 2006 பிப்பிரவரியில், எல்லா மணங்களும் பதிவு செய்யப்பெறல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் பணித்தது. அதனை ஒட்டித் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் எழுந்து, அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. எச்சமயத்தவராயினும் மணநாள் தொட்டு 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் விண்ணப்பித்தல் வேண்டும்; தவறின், கூடுதற் கட்டணத்துடன் மேலும் 60 நாள் தவணை உண்டு. மணமக்களின் வயதுச் சான்று, இருப்பிடச் சான்று, நிழற்படம், மண அழைப்பிதழ் அல்லது மணம் நிகழ்ந்ததற்குரிய ஆவணம், சான்றாளர் கையொப்பம் ஆகியவை வேண்டப்படும். தவணை கடந்தவரும் வாளா இராமல், 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தற்குரிய வழியைச் சார்பதிவாளரிடம் உசாவுக.

இவ்விடத்து இரண்டு மயக்கங்களை நீக்கல் வேண்டும். பதிவு செய்யாமை ஒன்றினாலேயே மணம் செல்லாததாகிவிடாது. சட்டம் அங்ஙனம் கூறவில்லை. அவ்வாறே, மணவினை ஒன்றும் நிகழாதிருக்கப் பதிவுச் சான்று மட்டும் பெற்றாலும் இந்துத் திருமணச் சட்டப்படி அது மணமாகாது என்று 2024-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரணமே மணத்தை ஆக்குவது; கையொப்பம் அதனைக் காப்பது. ஒன்றிருக்க மற்றொன்று எதற்கு என்பது பொருந்தாது.

சடங்கின்றி மணக்க விரும்புவோர்க்கும் வெவ்வேறு சமயத்தார்க்கும் 1954-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டம் உண்டு. இருவருள் ஒருவரேனும் 30 நாள் வாழ்ந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். அவ்வறிவிப்புப் பலரறிய ஒட்டப்பெற்று, 30 நாட்களுக்குள் தக்க தடை எழாதாயின், மூவர் சான்றாக ஒப்பமிட மணம் நிறைவேறும். இளங்கோவடிகள் காட்டிய யானைமேல் அறிவிப்பு, இங்கே அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளாயிற்று.

நாம் செய்யத்தக்கது

என் மாணாக்கன் ஒருவனுடைய தாயார் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். வெளியூரில் பணிபுரிந்த அவர் கணவர் திடீரென இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் பெறச் சென்றபோது, வேறொருத்தியும் மனைவி என்று உரிமை கூறி வந்து நிற்பது தெரிந்தது. "ஐயா, ஊரே கூடி நடந்த கலியாணம். இப்போது என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறார்களே" என்று அவர் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. பதிவுச் சான்று இல்லை. நிழற்படங்கள் மழையில் அழிந்துபோயின. அம்மணத்திற்கு வந்து உண்டோர் எண்ணூற்றுவர் என்பர். அலுவலகத்திற்கு வந்து சொல்லுதற்கு இசைந்தோர் இருவர். அவருள் ஒருவர் நாகசுரம் வாசித்த முதியவர். நீதிமன்றத்தின் வாயிலாக உரிமை கிடைப்பதற்குள் பையனின் கல்லூரிப் படிப்பு ஓராண்டு நின்றுபோயிற்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் அரைநாள் செலவிட்டிருந்தால் இத்துன்பம் இத்துணை நீண்டிராது.

பெற்றோர் இசைவின்றி மணப்போர் அஞ்சியேனும் உடனே பதிவு செய்துகொள்கின்றனர். பெற்றோர் பார்த்துப் பல இலட்சம் செலவிட்டு நடத்தும் மணங்களே பதிவின்றி நிற்பதை யான் பலகாற் கண்டிருக்கின்றேன். மேளத்திற்கும் பந்தலுக்கும் ஆளை ஏற்படுத்தும் நாம், பதிவிற்கு ஒருவரை ஏற்படுத்துவதில்லை. சங்கத்தார் தரும் மணச்சான்று ஊரறியப் பயன்படுமேயன்றி, அரசாங்கப் பதிவிற்கு ஈடாகாது.

மற்றொன்றையும் அஞ்சாது கூறுவல். நம் பிள்ளைகளுள் ஒருவர் வேறு குலத்தாரை மணந்தாரெனின், சட்டம் அவரது குலத்தை வினவுவதில்லை. அம்மணமும் நம் மணம் போன்றே முழு மணமாகும். உடன்போக்கில் கொடுப்பார் இன்றியும் கரணம் உண்டு என்று தொல்காப்பியரே ஓதியிருக்க, நாம் அவரை ஒதுக்குவதற்குச் சட்டமும் இடந்தராது, தமிழும் இடந்தராது.

ஆதலின் சங்கத்து அன்பர்கட்கு என் வேண்டுகோள் இவை. நிச்சயதார்த்தத்தின் முன்னரே இருவர்தம் வயதுச் சான்றையும் பார்த்துக்கொள்க. முன்மணம் உண்டாயின், தீர்ப்பாணையோ இறப்புச் சான்றோ கேட்டு வாங்குக. சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று நோக்குக. தாலி கட்டிய அன்றே, பதிவிற்கு உடன் செல்பவர் இன்னார், செல்லும் நாள் இன்னது என்று இருதரத்தாரும் கூடி முடிவு செய்க. முன்னரே மணந்து பதிவு செய்யாதிருக்கும் மூத்தோரும் நாணாது சென்று வழி கேட்க.

அன்று ஒரு பெண்ணின் கண்ணீருக்கு இரங்கி வன்னி மரம் மதுரைக்கு வந்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கு அத்தகைய அருஞ்செயல் ஒன்று வேண்டாதபடி, உரிய சான்றை உரிய நாளில் அவள் கையிற் கொடுப்பது பெற்றோர் கடமை, கணவன் கடமை, அவ்விருவர்க்கும் நினைவுறுத்துவது சங்கத்தின் கடமை.